உங்களுக்குத் தெரியுமா? – துவர் குடித்த தோல்

● வாழைப்பூவை ஆய்ந்து ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். வாய் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும். டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவதால் வருகிற உணர்வு அது. நாம் அதைத் துவர்ப்பு என்கிறோம். மாட்டுத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டால் நடப்பதும் அதேதான். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். டானின் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டால், அப்புறம் கிருமிக்கு அங்கே தின்ன ஒன்றும் அகப்படாது. நாலு நாளில் நாறிப்போக வேண்டிய தோல், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் செருப்பாக மாறுவது நம் நாக்குக்குப் பழகிய ஒரு சுவையால்தான்.

● 400 கிலோ எடையுள்ள மாட்டின் பச்சைத் தோல் மட்டும் 25 முதல் 30 கிலோ இருக்கும். தண்ணீரில் ஊறினால் இன்னும் கனக்கும். தொட்டியிலிருந்து தூக்கிப் புரட்ட இரண்டு பேராவது வேண்டும். வீட்டுக் கொல்லையில் தோல் பதனிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேராக மாட்டுத் தோலில் கைவைத்து, பாதியிலேயே குழியில் புதைத்துவிட்டு வருவது இதனால்தான். ஆட்டுத் தோலில் கற்றுக்கொண்டு பிறகு மாட்டுக்கு வர வேண்டும்.

● உரித்த தோலுக்கு நம் ஊர் வெயிலில் கிடைப்பது சில மணி நேர அவகாசம். அதற்குள் ஆறவைத்து, சதைப்பக்கம் முழுக்க உப்புத் தேய்த்தாக வேண்டும். தோலின் எடையில் பாதியளவு உப்பு என்று வைத்துக்கொண்டால் தவறாது. 25 கிலோ தோலுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். கழுத்து மடிப்பு, கால்பகுதி, ஓரச்சுருள் ஆகியவற்றில் உப்புப் படாமல் விட்டால் அழுகல் அங்கேதான் தொடங்கும். உப்பு இழுக்கும் நீர் தேங்காமல் ஓட, தோலைச் சரிவான பலகையில் போட வேண்டும். அந்த உப்புநீரைத் தென்னை வேரிலோ தோட்டத்திலோ ஊற்றிவிடாதீர்கள். மண் அதை எளிதில் மறக்காது.

● தொட்டாலே மயிர் கொத்தாகக் கையோடு வருகிறதா? உப்புப் போடத் தாமதமாகிவிட்டது. அடி வயிற்றுப் பக்கம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

● மாடு திடீரென்று காரணம் தெரியாமல் விழுந்து செத்தால் அதன் தோலைத் தொடவே கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமியின் வித்துகள் காய்ந்த தோலிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். 2006ல் நியூயார்க்கில் பதனிடாத ஆட்டுத் தோலில் மேளம் செய்த ஒருவருக்கு அந்தத் தூசியை மூச்சில் இழுத்தே அடைப்பான் வந்தது. உரிப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இதில் எந்தச் சமாதானமும் கிடையாது.

● சுண்ணாம்புக் குழியின் விசித்திரம் ஒன்று. புதிதாகக் கலக்கிய சுண்ணாம்பை விட, நாலைந்து தோல் ஊறி எடுத்த பழைய சுண்ணாம்பு மயிரைச் சீக்கிரம் கழற்றும். முந்தைய தோல்களிலிருந்து கரைந்த புரதமும் கந்தகச் சேர்மங்களும் அதில் வேலை செய்கின்றன. அதனால் தோலைப் பழைய குழியில் முதலில் போட்டுப் பிறகு புதுக் குழிக்கு மாற்றுவது தோல்காரர்களின் வழக்கம். புளித்த மாவைக் கொஞ்சம் எடுத்துவைத்து மறுநாள் மாவில் கலக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது.

சுண்ணாம்பில் ஊறிய தோல் விறைத்து, வீங்கி, இரட்டைத் தடிமனாகத் தெரியும். அந்தக் காரத்தை இறக்காமல் துவரில் போட்டால் எல்லாம் வீண். தவிட்டை ஊறவைத்துப் புளித்த நீர் ஒரு வழி. அதற்கடுத்த பக்குவத்துக்குப் பழைய காலத்தில் உலகம் முழுவதும் கைகொடுத்தது சாணமும் எச்சமும். நாய்க்கழிவு, கோழி எச்சம், புறா எச்சம். மொராக்கோவின் ஃபெஸ் நகரத் தோல் தொட்டிகளில் இன்றும் புறா எச்சம் கரைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவில் நாய்க்கழிவைப் பொறுக்கித் தோல் கூடங்களுக்கு விற்றே பிழைத்த ஏழைகள் இருந்தார்கள். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் அவர்களோடு பேசி எழுதிவைத்திருக்கிறார். கழிவில் இருக்கும் நொதிகள் தோலின் தேவையற்ற புரதத்தைத் தின்று அதைப் பட்டுப்போல் ஆக்குகின்றன என்பதை வேதியியல் பிறகுதான் புரிந்துகொண்டது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் கணையத்திலிருந்து எடுத்த நொதியை 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோல் கூடங்களுக்குக் கொண்டுவந்த பின், அந்த நாற்றமடித்த வேலைக்கு மெல்ல மெல்ல விடுதலை கிடைத்தது. மனிதக் கையை மலத்திலிருந்து விலக்கிய கண்டுபிடிப்பு இது. பென்சிலினைப் பற்றிப் பாடம் வைக்கிறோம். இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.

● துவர் ஏற்றும் தொட்டி மரமாகவோ மண்ணாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். இரும்பாக இருக்கக் கூடாது. ஒரு துருப்பிடித்த ஆணி விழுந்திருந்தாலும் தோலில் கறுப்புத் திட்டு விழும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சியதும் இதே வினையைப் பயன்படுத்தித்தான். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளும் அப்படித்தான் வருகின்றன: கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்பு ஊறிய கரைசல் படும்போது கறுக்கிறது. எழுதுகிறவருக்கும் ஓவியருக்கும் வரமாக வந்த அதே கறுப்பு, தோல்காரருக்கு நஷ்டம்.

● அவசரக்காரர்கள் செய்கிற தவறு, முதல் நாளே கெட்டியான பட்டைச் சாற்றில் தோலைப் போடுவது. வெளிப்பக்கம் சடக்கென்று துவரை ஏற்று இறுகிவிடும். உள்ளே சாறு இறங்க வழி அடைபடும். மேலே பதம், நடுவே பச்சை. அதனால் ஏற்கெனவே பயன்பட்ட மெலிந்த சாற்றில் தொடங்கி, நாளுக்கு நாள் கெட்டியாக்கிக்கொண்டு போக வேண்டும். தினமும் புரட்ட வேண்டும். பதம் வந்துவிட்டதா என்று அறிய, தோலின் தடித்த இடமான கழுத்துப் பக்கம் ஒரு விரற்கடை வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயின் நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் பச்சை இருக்கிறது. கோடு மறையும்வரை காத்திருப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு.

எவ்வளவு காத்திருக்க வேண்டும்? மெல்லிய ஆட்டுத் தோலுக்குச் சில வாரங்கள். தடித்த மாட்டுத் தோலுக்குப் பல மாதங்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் காலிட்டன் என்ற சிற்றூரில் ஓக் மரப்பட்டையிலேயே பதனிடும் ஒரு பழைய கூடம் இன்னும் நடக்கிறது. அங்கே அடித்தோலுக்கான மாட்டுத் தோல் குழிகளில் ஏறக்குறைய ஓர் ஆண்டு கிடக்கிறது.

● தொட்டியே இல்லாமல் பெரிய தோலைப் பதனிட முடியுமா? முடியும். வட இந்தியக் கிராமங்களில் தோலையே பையாகத் தைத்துவிடுவார்கள். அதைக் கம்பிலிருந்து தொங்கவிட்டு, உள்ளே இடித்த பட்டையும் சாறும் நிரப்புவார்கள். சாறு தோலின் வழியே கசிந்து சொட்டும். கீழே சட்டி வைத்துப் பிடித்து மறுபடி மேலே ஊற்றுவார்கள். சில நாள் கழித்துப் பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மறுபாதிக்கும் துவர் ஊட்டுவார்கள். பாத்திரமும் அதுவே, பண்டமும் அதுவே. வீட்டளவில் மாட்டுத் தோலைக் கையாள இதைவிடச் சிக்கனமான வழியை நான் அறிந்ததில்லை.

● பொங்கலுக்கு முன்னால் கொங்கு நாட்டில் வீட்டு இறவாணத்தில் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் செருகுகிறோம். அந்தச் செடியின் பட்டைதான் மெட்ராஸ் மாகாணத்துத் தோல் வணிகத்தின் ஆதாரம். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் நிறம் தெளித்த மாட்டுத் தோல், ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு அந்தத் தோல் பெருமளவில் எடுக்கப்பட்டது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திண்டுக்கல்லும் தோலூர்களாக வளர்ந்ததில் தரிசில் தானாக முளைக்கும் ஒரு மஞ்சள் பூச்செடிக்குப் பங்குண்டு. பின்னாளில் வாட்டில் பட்டைச் சாறு வந்து ஆவாரையை ஓரங்கட்டிவிட்டது.

● ஹம்ப்ரி டேவி, சுரங்க விளக்கைக் கண்டுபிடித்த அதே விஞ்ஞானி, அதற்கு முன்பு தோல் பதனிடுவதை ஆராய்ந்து 1803ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அவர் சோதித்த பொருள்களில் ஒன்று இந்தியாவிலிருந்து போன காசுக்கட்டி. ஒரு பங்கு காசுக்கட்டி ஏழெட்டுப் பங்கு ஓக் பட்டைக்குச் சமம் என்று கண்டார். வெற்றிலைப் பெட்டியில் கிடந்த சரக்கு!

● கமலை இறைத்த காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது முதியவர்கள். இரும்புச் சாலின் அடியில் நீண்ட தோல் வால் தைத்திருக்கும். சால் மேலே வரும்போது வாலின் வாய் விரிந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். நாளெல்லாம் நனைந்து, வளைந்து, கல்லில் உராய்ந்து, மாலையில் காய்ந்து, மறுநாள் மறுபடி நனையும் தோல் அது. அந்தப் பாட்டைத் தாங்க வேண்டுமானால் பதம் அவ்வளவு சரியாக இருக்க வேண்டும். அதை உரித்து, பதனிட்டு, வெட்டித் தைத்துக் கொடுத்தவர்கள் பல ஊர்களில் அருந்ததியர். தோட்டத்தின் நெல்லும் வாழையும் அவர்கள் கைப்பக்குவத்தின் வழியே வந்த தண்ணீரைக் குடித்தன. அவர்கள் தைத்த தோல் கிணற்றுக்குள் ஒரு நாளைக்கு நூறு தடவை இறங்கி ஏறலாம். அவர்கள் அந்தக் கிணற்றில் ஒரு குடம் இறக்கக் கூடாது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இந்த வரிசையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

● மிருதங்கத்திலும் பறையிலும் போர்த்தியிருப்பது பதனிட்ட தோல் அல்ல. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, காயவைத்த பச்சைத் தோல். துவர் ஏறிய தோல் தளர்ந்து குழையும். அடித்தால் ‘தொப்’ என்று விழும். பச்சைத் தோல் காயும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைப்பதால்தான் நாதம் வருகிறது. பறையை நெருப்பில் காட்டுவது அதில் ஏறிய ஈரத்தை விரட்ட. ஐரோப்பாவில் பழைய சாசனங்கள் எழுதிய தோல்தாளும் இதே குடும்பம்தான்: சுண்ணாம்பு உண்டு, துவர் கிடையாது. மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு என மூன்று தோலும் தேவை. அதைச் செய்கிறவர்களின் வாழ்க்கையை டி.எம். கிருஷ்ணா 2020ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார்.

● படிகாரமும் உப்பும் தடவினால் தோல் வெள்ளையாக, மெத்தென்று ஆகும். வீட்டில் செய்ய மிக எளிதான வழி. ஆனால் நன்றாக அலசினால் படிகாரம் கழன்று, தோல் பழையபடி பச்சையாகிவிடும். அதனால் நனையாத பொருளுக்கு மட்டும் அது சரி.

● தோல் பதமானதை அறிய இன்னொரு சோதனை வெந்நீர். பச்சைத் தோலை 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் நீரில் போட்டால் சட்டென்று சுருங்கி ரப்பர் போலாகும். மரப்பட்டையில் பதனிட்டது ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரிவரை தாங்கும். குரோமியம் ஏற்றியது கொதிநீரிலேயே சுருங்காமல் நிற்கும். தோல் பதனிடும் ஷாப்புகளில் ஒரு துண்டைக் கொதிக்கவிட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

● சென்னைக்காரர்கள் தினமும் சொல்லும் ‘குரோம்பேட்டை’ அந்தக் குரோமியத்தின் பெயர்தான். ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் 1912ல் பல்லாவரத்தை ஒட்டி நிறுவிய குரோம் லெதர் கம்பெனி ஊருக்கே பெயர் கொடுத்தது. பட்டையில் மாதக்கணக்கில் கிடந்த வேலையைக் குரோமியம் ஒரு நாளைக்குள் சுருக்கியது. தோல் நீல நிறத்தில் வெளிவரும். தொழிலில் அதற்கு ‘வெட் ப்ளூ’ என்று பெயர்.

வேகத்துக்கு விலை உண்டு. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அது உறுதிசெய்தது; வழக்குக்குள் வந்த மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. வீட்டில் குரோமியத்தைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வதும் இந்த ஆற்றை நினைத்துத்தான். ஒரு தோலுக்குக் குரோம் ஏற்றலாம். ஊற்றும் தண்ணீரை என்ன செய்வீர்கள்?

● சென்னை அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை உலகறியச் செய்தவர் ஒய். நாயுடம்மா. குண்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நாற்றமடிக்கிற தொழில் என்று படித்தவர்கள் ஒதுங்கியபோது, அதையே தன் வாழ்நாள் அறிவியலாக எடுத்துக்கொண்டார். 1985 ஜூனில் கனிஷ்கா என்ற பயணிகள் விமானத்தில் குண்டு வெடித்தபோது அதில் இருந்தார்.

● இயற்கையாக இறந்த மாட்டின் தோலைக் கிராமத்திலேயே பதனிட வேண்டும் என்பது காந்தி விடாமல் பேசிய விஷயம். சபர்மதி ஆசிரமத்தில் அதற்கென்று ஒரு கூடம் வைத்தார். பசுவைக் காப்பதும், செத்த பசுவின் தோலை வீணாக்காமல் இருப்பதும், அந்த வேலை செய்கிறவரை மதிப்பதும் அவருக்குத் தனித்தனிக் காரியங்களாகத் தெரியவில்லை.

● 1786 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவா போய்க்கொண்டிருந்த ‘மெட்டா காதரினா’ என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் கடலில் மூழ்கியது. 1973ல் முக்குளிப்பவர்கள் கண்டெடுத்தபோது, சேற்றுக்குள் கட்டுக்கட்டாக ரஷ்யத் தோல். வில்லோ பட்டையில் பதனிட்டு பிர்ச் மரத்தின் எண்ணெய் ஏற்றிய கலைமான் தோல். கழுவிக் காயவைத்து, எண்ணெய் பூசி, அதில் செருப்பும் பையும் தைத்தார்கள்.

● மரப்பட்டையே இல்லாத புல்வெளியில் என்ன செய்வது? வட அமெரிக்கச் சமவெளியின் லகோட்டா, செயென் போன்ற மக்கள் காட்டெருமைத் தோலை அந்த விலங்கின் மூளையைக் கொண்டே பதனிட்டார்கள். தோலைத் தரையில் விரித்து ஓரமெல்லாம் முளையடித்து, கொம்புப் பிடி போட்ட வாச்சியால் சதையைச் சீவுவார்கள். அரைத்த மூளையையும் கொழுப்பையும் தேய்த்துச் சுருட்டிவைப்பார்கள். மூளையில் இருக்கும் லெசித்தின் கொழுப்பையும் நீரையும் கலக்கவைத்து இழைகளுக்குள் அனுப்பும். முட்டைக்கருவில் இருப்பதும் அதே பொருள். அடுத்துதான் உயிர்போகும் வேலை. ஈரம் முழுக்கக் காயும்வரை தோலைக் கயிற்றில் மாட்டி இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். நடுவில் ஓய்ந்தால் தோல் பலகையாகிவிடும். கடைசியில் புகையில் காட்டுவார்கள். புகையில் இருக்கும் ஆல்டிஹைடுகள் இழைகளைப் பிணைத்துவிடுவதால், மழையில் நனைந்து காய்ந்தாலும் அந்தத் தோல் மெத்தென்றே இருக்கும். இவ்வளவையும் செய்தவர்கள் பெண்கள். ஒரு கூடாரத்துக்கே பத்துப் பன்னிரண்டு தோல் வேண்டும்.

1870களின் தொடக்கத்தில் தோல் ஆலைகள் காட்டெருமைத் தோலை இயந்திரப் பட்டைக்கும் அடித்தோலுக்கும் ஏற்றபடி பதனிடக் கற்றுக்கொண்டன. அதுவரை குளிர்காலத்து மயிர்த்தோலுக்கு மட்டும் இருந்த சந்தை, எல்லாப் பருவத்துத் தோலுக்கும் திறந்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை வெயிலில் விட்டுப் போனார்கள். கோடிக்கணக்கில் இருந்த விலங்கு 1889ல் வில்லியம் ஹார்னடே எண்ணிப் பார்த்தபோது ஆயிரத்துச் சொச்சம். ஒரே விலங்கின் தோல்தான். ஒரு பக்கம் ஒரு பெண் பல நாள் முழங்காலிட்டுத் தேய்த்தது. மறுபக்கம் ரயில் வண்டியில் ஏற்றி அனுப்பியது.

● அந்தச் சமவெளிப் பெண்கள் தங்கள் வேலைக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். தோல் சீவும் கருவியின் கொம்புப் பிடியில், முடித்த தோல்களையும் கூடாரங்களையும் புள்ளிகளாகப் பொறித்துக்கொள்வது வழக்கம். பிடியைக் காட்டினால் போதும், அவள் எப்படிப்பட்ட வேலைக்காரி என்று ஊருக்கே தெரியும். 1980ல் மினசோட்டாவின் லிட்டில் ரேபிட்ஸ் என்ற இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் தகோத்தா மக்கள் வாழ்ந்த ஊரின் மண்ணைத் தோண்டியபோது, தோல் தைக்கும் குத்தூசி ஒன்றின் கொம்புப் பிடி கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பொருள். தொல்லியலாளர் ஜேனட் ஸ்பெக்டர் அதை மையமாக வைத்து 1993ல் ஒரு முழு நூல் எழுதினார். பிடியின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள். சில குழிகளில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.